வினைப்பயனும் வைத்தியமும்

துன்புறும் ஒருவரைக் கண்டவுடனே, இஃது எந்தப் பிறவியில் செய்த வினையோ என்று எண்ணுவது நம்மவரிடையே நெடுநாளாக ஊறிப்போன வழக்கம். அவ்வெண்ணத்துக்கு மூலமான கர்ம சித்தாந்தத்தைப் பொய்யென்று தள்ள நான் முற்படவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய்மார் எத்தனையோ பேர் அதைப் பற்றிக்கொண்டே மீண்டும் எழுந்து நடமாடியிருக்கிறார்கள். ஆயினும் அதைத் தன் துயரத்துக்கு ஆறுதலாகக் கொள்வது வேறு, பிறர் துயரத்தின்மேல் தீர்ப்பாக உரைப்பது வேறு என்பதையும், பின்னதற்கு மனிதர் எவர்க்கும் அதிகாரம் இல்லை என்பதையும் எனக்குத் தெளிவுறுத்தியது, ஆஸ்திரேலியாவில் பிறந்து, எத்தியோப்பியாவில் குடியேறி, அங்கேயே உயிர்நீத்த காதரின் ஹாம்லின் என்னும் மருத்துவ மாதின் சரித்திரம்.

1924-ஆம் ஆண்டு சிட்னி நகரில் பிறந்து, அந்நகரத்துச் சர்வகலாசாலையிலேயே வைத்தியம் பயின்ற அவ்வம்மையார், அடிஸ் அபாபாவில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்க ஆள் வேண்டுமென்று 'லான்செட்' பத்திரிகையில் வந்த விளம்பரத்தைக் கண்டு, நியூசிலாந்தினரும் தம்மைப் போலவே பிரசவ வைத்தியருமான கணவர் ரெஜினால்டுடன் 1959-இல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒப்பந்தம் மூன்றாண்டுக்கே. சக்கரவர்த்தி ஹைலே செலாசி வீழ்ந்து, இராணுவ ஆட்சி வந்து, பஞ்சமும் உள்நாட்டுப் போரும் அத்தேசத்தை வாட்டிய காலத்திலும், 1993-இல் கணவர் காலமான பின்னரும், அவர் தாய்நாட்டுக்குத் திரும்பிவிடவில்லை.

அவரை அங்கே நிறுத்தி வைத்தது பிஸ்டுலா என்னும் ஒரு நோய். பிரசவ வேதனை கண்ட பெண்ணின் இடுப்பெலும்பில் சிசுவின் தலை சிக்கிக்கொண்டு, உதவ ஒருவரும் இன்றி நாட்கணக்கில் அப்படியே அழுத்தி நிற்குமாயின், மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையிலுள்ள சதை இரத்த ஓட்டமின்றிச் செத்துத் துவாரம் விழுந்துவிடுகிறது. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். தாயோ அன்று முதல் சிறுநீரை அடக்கும் சக்தியை இழந்து, இரவும் பகலும் நனைந்த துணியோடு இருப்பாள். துர்நாற்றம் பொறாமல் கணவன் விலக்குவதும், ஊரார் ஒதுக்குவதும், ஆஸ்பத்திரியைத் தேடிப் புறப்பட்டவளை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவதும் உண்டு. இவை யாவற்றினும் கொடியது, இது கடவுள் இட்ட சாபமென்று அவளே நம்பிவிடுவது.

சாபமென்றால் ஒன்று கேட்க வேண்டும். இதே நோய் ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் மிகுந்திருந்தது. 1855-இல் நியூயார்க்கில் மாரியன் சிம்ஸ் என்பார் ஸ்திரீகளுக்கென்று ஆஸ்பத்திரி திறந்தபோது அங்கே முக்கியமாகச் சிகிச்சை பெற்றவர்கள் இந்நோயாளிகளே. (அந்தச் சிகிச்சையை அவர் கற்றது, அலபாமாவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களின் உடலில், மயக்க மருந்தும் கொடாமல், மீண்டும் மீண்டும் ஆயுதம் வைத்து என்பதை மறைத்துவிட்டு வைத்திய சாஸ்திரத்தைப் புகழ்வது நியாயமாகாது.) இன்று நியூயார்க்கிலும் சிட்னியிலும் பிரசவத்தால் வரும் பிஸ்டுலா அநேகமாக இல்லை. அந்நகரத்து மாதர் பூர்வ ஜன்மத்தில் புண்ணியம் மிகுதியாகச் செய்தவர்களா? தலை சிக்கினால் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்க அங்கே வைத்தியர் உண்டு, அவரிடம் போய்ச் சேரச் சாலை உண்டு; எத்தியோப்பிய மலைக்கிராமத்தில் அவை இல்லை. இதற்குமேல் வேறு காரணம் தேடுவது, செய்ய வேண்டியதைச் செய்யாத சமூகத்தின் குற்றத்தை, நோயுற்று விழுந்தவள் தலையில் ஏற்றுவதாகும்.

ஹாம்லின் அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உடையவர். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் வினவியபோது, இருவருமல்லர் என்று கூறி அவனுக்குப் பார்வை அளித்தவரை வணங்கிய அவருக்கு, அந்த விடையே வாழ்க்கை விரதமாயிற்று எனலாம். கணவரும் அவரும் 1974-இல் நிறுவிய பிஸ்டுலா ஆஸ்பத்திரியும் அதன் கிளைகளும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகச் சிகிச்சை செய்திருக்கின்றன. அத்தம்பதியரிடம் நோயாளியாக வந்த மமிட்டு கஷே என்னும் எழுத்தறியாக் கிராமத்துப் பெண், சத்திர சிகிச்சையின்போது கூட நின்று உதவி, பின் தாமே கத்தி பிடிக்கக் கற்று, இந்நோயைத் தீர்ப்பதில் தேர்ந்தவரானார். சாபம் பெற்றவள் என்று ஊரால் தள்ளப்பட்டவளின் கையே பிறரைக் குணப்படுத்திய இந்த ஒரு செய்தி, எனக்குப் பல தத்துவ நூல்களினும் பெரிதாகப் படுகிறது. குணப்படுத்துவதோடு நில்லாமல், நோய் வரும் வழியையே அடைக்க எண்ணி, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவச்சிகளாக்கி அவரவர் வட்டாரத்துக்கே அனுப்பும் கல்லூரி ஒன்றும் 2007-இல் தொடங்கப்பெற்றது.

பல்லக்கில் ஊர்பவனையும் அதைச் சுமப்பவனையும் குறித்து வள்ளுவர் பாடிய குறளுக்கு, அறத்தின் பயன் அவ்விருவரிடத்தே காணக்கிடக்கிறது என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். அவ்விருவரையும் காட்டி அறத்தின் பயனைப் பேசாதே என்பதே கருத்தென்று பிற்காலத்தார் சிலர் கொண்டனர். இலக்கண நியாயம் எப்பக்கமாயினும் ஆகுக, என் மனம் பின்னவரோடுதான் நிற்கிறது. பிள்ளையற்றவளிடமும், கணவனை இழந்தவளிடமும், தீரா நோயாளியிடமும் 'போன ஜன்மத்துப் பாவம்' என்ற சொல்லை நம்மில் பெரியோரும் கூசாமல் சொல்லிவிடுகிறோம். இதைப் படிப்போர் தம் வீட்டிலாவது அச்சொல்லை ஒழித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.