கறுப்பின் முதல் பதில்

கறுப்புக் காய்களோடு உட்காருபவருக்கு ஆட்டத்தைத் தொடங்கும் உரிமை இல்லை. வெள்ளை நகர்ந்த பிறகே, பல வேளைகளில் வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறிய பிறகே, அவர் முறை வரும். இதைத்தான் ஊழ் என்கிறோமா? மலேசியாவின் கேமரன் மலையில் 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தமிழர்களின் பிள்ளைகளும், பிறந்த லயக் குடியிருப்பைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். ஆனால் பலகையில் அந்த வெள்ளைச் சிப்பாய்க்குப் பதில் ஒன்றல்ல. நேருக்கு நேர் சிப்பாயை நிறுத்தலாம். சிசிலியன் தற்காப்பில் பக்கத்திலிருந்து மோதலாம். பிரெஞ்சுத் தற்காப்பில் தன் மந்திரி ஒன்று அடைபடுவதைப் பொறுத்துக்கொண்டு, உறுதியான அரண் கட்டலாம். காரோ-கான் தற்காப்பில் அதே மந்திரிக்கு வழி திறந்து வைக்கலாம். நிலை வந்து சேர்வது; பதில் நாம் தருவது.

வெள்ளையே அதிகம் வெல்கிறது என்பார்கள். உண்மைதான்; ஆனால் சாதகம் தீர்ப்பாகிவிடாது. 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் வெள்ளைக் காய்களோடு ஆடிய குகேஷ் அதே சிப்பாயை நகர்த்தினார். எதிராளி டிங் லிரென் பிரெஞ்சுத் தற்காப்பால் வென்றார். டிசம்பர் 12 அன்று குகேஷ் உலகப் பட்டத்தை வென்றதும் கறுப்புக் காய்களால்தான். தேர்வும் இயல்பின் விளைவே என்று சிலர் வாதிடலாம். அந்த இயல்பையும் பயிற்சி மாற்றுகிறது. அதனால்தான் வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்ததோடு நிற்காமல், விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமைக்கும் ஒன்று தந்தார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: சதுரங்கத்தில் அடுத்த ஆட்டத்தில் நிறம் மாறும், தோட்டத்தில் பிறந்தவரின் நிலை தானாக மாறாது. அதை மாற்றுவது நம் கடமை.