தகுதி பார்க்காத நட்பு

1986இல் மாஸ்ஃபிலிம் தயாரித்த 'கின்-ட்ஸா-ட்ஸா!' இரண்டு பாகங்கள் கொண்ட சோவியத் நகைச்சுவைப் படம். திபிலீசியில் பிறந்து மாஸ்கோவில் வளர்ந்த கியோர்கி தனேலியா இதை இயக்கினார். ரெவாஸ் காப்ரியாட்ஸேயுடன் சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். இசை கியா கான்செலி. வேற்றுக்கிரகத்தில் மாட்டிக்கொண்ட இருவரின் வேடிக்கைகளாக நகரும் இந்தப் படத்தின் நடுவே பழைய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. ஏமாற்றுக்காரன் என்று நன்றாகத் தெரிந்த ஒருவனுக்கு, கூட இருந்தவன் என்பதற்காக மட்டும், கடமைப்பட்டவர்கள் ஆகிறோமா?

கட்டுமான மேற்பார்வையாளர் மாஷ்கோவ் ரொட்டி வாங்க மாஸ்கோ தெருவில் இறங்குகிறார். வயலின் பெட்டியோடு நிற்கும் ஜார்ஜிய மாணவன் கெதெவான், வெறுங்காலோடு குளிரில் நிற்கும் ஓர் ஆளைக் காட்டி உதவி கேட்கிறான். தான் வேறொரு கிரகத்தவன் என்கிறார் அந்த ஆள். மாஷ்கோவ் அதை நம்பாமல் அவர் கையிலுள்ள கருவியின் பொத்தானை அழுத்த, இருவரும் அடுத்த நொடியே ப்ளூக் கிரகத்து மணலில் நிற்கிறார்கள். காராகும் பாலைவனத்தில் படமாக்கப்பட்ட அந்த மணல்வெளியில் தண்ணீர் முழுவதும் எரிபொருளாகிவிட்டது. தீக்குச்சிதான் பெருஞ்செல்வம். மனிதர்கள் சாட்லான், பட்சாக் என இரு வகை. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஒரு சிறு கருவியில் எரியும் விளக்கின் நிறமே யார் எந்த வகை என்று சொல்கிறது. பட்சாக் மூக்கில் மணி மாட்டிக்கொண்டு சாட்லான் முன் குந்த வேண்டும். கால்சட்டையின் நிறத்தைப் பொறுத்து மரியாதை ஏறும், இறங்கும்.

இந்த ஊரில் இவர்களுக்குக் கிடைக்கும் துணை ஊர் ஊராகப் பறந்து பாடும் இருவர்: சாட்லானாகிய உயெஃப், பட்சாக்காகிய பி. யெவ்கேனி லியோனவும் யூரி யாக்கவ்லெவும் இவர்களை மறக்க முடியாதபடி நடித்திருக்கிறார்கள். பூமிக்காரர்களை முதலில் பாலைவனத்திலேயே விட்டுவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். மாஷ்கோவ் சிகரெட் பற்றவைக்கத் தீக்குச்சி உரசுவதைக் கண்டதும் திரும்பி வருகிறார்கள். அவர்களை வரவழைத்தது இரக்கமல்ல, பேராசை. அதன் பிறகும் பொய், திருட்டு, பேரம், துரோகம் எதுவும் நிற்பதில்லை. படம் இதை மெழுகிப் பூசவில்லை. கேள்வி கூர்மை பெறுவதற்கு இந்த நேர்மைதான் காரணம்.

மரபான தத்துவம் இத்தகைய உறவை நட்பு என்று ஒப்புக்கொள்ளத் தயங்கும். அரிஸ்டாட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயனுக்காக, இன்பத்துக்காக, நற்குணத்துக்காக. முதல் இரண்டும் பயனோ இன்பமோ தீர்ந்ததும் தளர்ந்துவிடும்; நல்லவர்கள் ஒருவரையொருவர் அவரவர் குணத்துக்காக விரும்புவதே முழு நட்பு. ரோமானியரான சிசரோ, கி.மு. 44இல் நட்பைப் பற்றி எழுதிய உரையாடலில், நல்லவர்களுக்கிடையே மட்டுமே நட்பு சாத்தியம் என்கிறார். இந்த அளவுகோலில் உயெஃபும் பியும் நிற்கவே மாட்டார்கள். தீக்குச்சிக்காகத் தொடங்கிய உறவு தீக்குச்சியோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. உயெஃபும் பியும் 'எசிக்' என்ற இரும்புப் பெட்டிக்குள் ஆயுள் தண்டனை பெற்று அடைக்கப்படும்போது, அவர்களை மீட்பதற்காகப் பூமிக்காரர்கள் கூண்டுக்குள் நின்று பாடிக் காசு சேர்க்கிறார்கள். பிறகு வீடு திரும்பும் வழி திறக்கும்போதும், அந்த இருவரைப் பலிகொடுத்துப் போக மறுக்கிறார்கள். இதற்காக அவர்கள் பெரிய வாதம் எதுவும் செய்வதில்லை. முணுமுணுக்கிறார்கள், திட்டுகிறார்கள், ஆனாலும் திரும்பி வருகிறார்கள்.

படத்தின் மிக ஆழமான பகுதி ஆல்பா கிரகத்தில் நடக்கிறது. அது பசுமையான, ஒழுங்கான, அறிவு முதிர்ந்த இடம். ஆல்பாவினர் பொய் சொல்வதில்லை, யாரையும் குந்தவைப்பதும் இல்லை. ப்ளூக்கிலிருந்து வருபவர்களை ஆசைகளுக்கு அடிமைகள் என்று கண்டு, அவர்கள் நன்மைக்காகவே என்று சொல்லிச் செடிகளாக மாற்றிவிடுகிறார்கள். பூமிக்காரர்களை வீட்டுக்கு அனுப்பவும் தயாராக இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் கேட்பது வேறு: காலத்தில் பின்னோக்கிச் சென்று, அந்த நரகமான ப்ளூக்குக்கே திரும்பி, இரும்புப் பெட்டியைத் திறக்க வேண்டும். நற்குணமே நட்பின் அடிப்படை என்றால் இவர்கள் ஆல்பாவின் பக்கம்தான் நின்றிருக்க வேண்டும். குணத்தை மட்டும் எடைபோடும் கண்ணுக்கு எதிரே நிற்கும் மனிதன் தெரியாமல் போகக்கூடும் என்பதை இந்தப் பகுதி காட்டிவிடுகிறது. தவறில்லாத ஆல்பாவினரிடம் இல்லாத ஒன்று, தவறுகள் மலிந்த இந்த நால்வரிடையே முளைத்திருக்கிறது.

கிறிஸ்தவச் சிந்தனையில் இதற்கு நெருக்கமான விவாதம் ஒன்று உண்டு. 1847இல் வெளியான 'அன்பின் செயல்கள்' நூலில் டேனிஷ் சிந்தனையாளர் கியர்கேகார், நட்பு என்பது விருப்பத் தேர்வு என்றும், அயலாரிடம் காட்டும் அன்பு கட்டளை என்றும் வேறுபடுத்துகிறார். நண்பனை நாம் தெரிந்தெடுக்கிறோம். அயலானோ யாராக இருந்தாலும், எப்படி இருந்தாலும் நம் முன் நிற்பவன். உயெஃபும் பியும் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். வழியில் வந்து வாய்த்தவர்கள். அவர்களிடம் காட்டப்படும் பற்று அயலார் அன்பில் தொடங்குகிறது. ஆனால் அங்கேயே நிற்பதில்லை. சேர்ந்து பசித்து, சேர்ந்து பாடி, ஒருவரையொருவர் நன்றாக அறிந்த பிறகு, குறிப்பிட்ட இந்த இருவர் மேல் வைத்த பற்றாக அது மாறுகிறது. கியர்கேகார் பிரித்துவைத்த இரண்டும் இங்கே ஒன்று மற்றொன்றாக வளர்கின்றன.

படம் பிறந்த நாட்டுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. 1961இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி ஏற்ற ஒழுக்க நெறியில், மனிதன் மனிதனுக்கு நண்பனும் தோழனும் சகோதரனும் ஆவான் என்ற கருத்து இடம்பெற்றது. மக்களினங்களின் நட்பு அரசின் முழக்கமாக இருந்தது. அதே நாட்டில் ஒவ்வொருவரின் உள்நாட்டுக் கடவுச்சீட்டிலும் இனம் தனி வரியாக எழுதப்பட்டிருந்தது. விளக்கின் நிறத்தால் மனிதரைப் பிரிக்கும் ப்ளூக்கைப் பார்த்த சோவியத் ரசிகருக்கு அந்த வரி நினைவுக்கு வந்திருந்தால் வியப்பில்லை. அறிவிக்கப்பட்ட நட்புக்கு எதிரே, ஒரு ரஷ்யரும் ஒரு ஜார்ஜியரும் யாரும் கட்டளையிடாமல் செய்யும் நட்பைத் தனேலியா வைக்கிறார்.

இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குணம் பாராமல் உடனிருப்பவனுக்காக நிற்பது கொள்ளைக் கூட்டத்தின் நெறியும்தான். வேண்டியவனுக்குப் பதவி கொடுப்பவனும் அதையே சொல்வான். இதற்கான விடையின் ஒரு பகுதியை அரிஸ்டாட்டிலே தருகிறார்: கெட்டுப்போன நண்பனை, திருந்த வழியிருக்கும்வரை, உடனே கைவிடக் கூடாது, பொருளை இழந்தவனுக்கு உதவுவதைவிடக் குணத்தை இழந்தவனுக்கு உதவுவதே நட்புக்கு உரியது. மறுபகுதி படத்தின் நிகழ்வுகளில் இருக்கிறது. பூமிக்காரர்கள் உயெஃப், பியின் ஏமாற்று வேலைகளை நியாயப்படுத்துவதில்லை. முகத்துக்கு நேரே சண்டையிடுகிறார்கள். அவர்கள் செய்வது, மூச்சுவிட முடியாத பெட்டியிலிருந்தும் செடியாகும் விதியிலிருந்தும் இருவரை மீட்பது மட்டுமே. அதற்கான செலவையும் தங்கள் வீடு திரும்பும் வாய்ப்பாகவே கொடுக்கிறார்கள். வேறு யார் தலையிலும் அதைக் கட்டவில்லை. கூட்டாளியின் குற்றத்தில் பங்குகொள்ளும் விசுவாசத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.