‘போதும்’ என்னும் சொல்லின் பொருள்

“இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ, அம்மா?”

“போதும் பிள்ளை.”

நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. கேட்டவர் அகப்பையை வைத்துவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறார். அந்தப் ‘போதும்’ வயிறு நிறைந்ததால் வந்ததா, வாய்க்கு உருசி இல்லாததால் வந்ததா, அல்லது பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்ற எண்ணத்தால் வந்ததா? அன்பு வாசகரே, இதை நாம் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒருவருடைய திருப்தியை அவர் வாய்ச்சொல்லைக் கொண்டு அளந்துவிடலாமா என்பது பழைய கேள்வி. முதியோரின் உணவைப் பொறுத்தவரையில், அதை உண்மையாகவே அளக்க முற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் ஐந்தே கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். டென்மார்க், ஜேர்மனி, இத்தாலி, போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின், சுவீடன், ஐக்கிய இராச்சியம் ஆகிய எட்டு நாடுகளின் முதியோரிடம் அது பரீட்சிக்கப்பட்டது. உணவு வேளைகள் வாழ்வுக்கு நன்மை சேர்க்கின்றனவா, உணவினால் அன்றாடம் திருப்தி கிடைக்கிறதா, உணவு சம்பந்தமான வாழ்வு தாம் விரும்பும் இலட்சியத்தை அண்மித்திருக்கிறதா என்ற போக்கில் அக்கூற்றுகள் அமைந்தன. ஒவ்வொன்றுடனும் எவ்வளவு தூரம் உடன்படுகிறார் என்று முதியவர் சொல்ல வேண்டும். அவ்விலக்கங்களைக் கொண்டு திருப்தி அளக்கப்படும்.

இம்முயற்சியை எள்ளி நகையாடுவது தகாது. முதியவருக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் என்று கணக்கிடுவோர் பலர், “உங்களுக்கு இது பிடித்திருக்கிறதா?” என்று கேட்போர் சிலர். உப்பைக் குறைத்து, சீனியை நிறுத்தி, வைத்தியர் சொன்னபடி உணவைக் கொடுத்துவிட்டு, அவர் விருப்பத்தை ஒரு பொருட்டாகவே கொள்ளாவிடின், அவரை நாம் நோயாளியாக மட்டுமே காண்கிறோம். கேட்பதே ஒரு மரியாதை.

ஆயினும் இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது மொழியும் பண்பாடும் பற்றியது. வினாக்களை வேறு மொழிக்குப் பெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்குப் பெயர்ப்பித்துச் சரிபார்ப்பது ஆய்வாளர் வழக்கம். சொல் பிழையின்றி வந்துவிடலாம், கேட்பவரின் மனம்? இங்கிருந்து போய், இன்று தொறன்ரோவிலோ இலண்டனிலோ முதியோர் இல்லத்தில் வாழும் ஒரு தாயிடம், “உங்கள் உணவு வாழ்வு உங்கள் இலட்சியத்தை அண்மித்திருக்கிறதா?” என்று கேட்டால் என்ன சொல்வார்? சாப்பாட்டுக்கு ஓர் இலட்சியம் உண்டென்று அவர் எண்ணியே இருக்கமாட்டார். உண்ட இடத்தில் குறை சொல்வது சமைத்தவரை அவமதிப்பதாகும் என்று வளர்ந்தவர் அவர். புட்டும் சொதியும் காணாத மேசையில் இருந்துகொண்டே, “எல்லாம் நல்லது” என்று உயர்ந்த புள்ளியைக் கொடுத்துவிடக்கூடும். குறையைச் சொல்வது தம் உரிமை என்று வளர்ந்த பக்கத்துக் கதிரைக்காரர் அதே உணவுக்குக் குறைந்த புள்ளி கொடுக்கலாம். அங்கே அளக்கப்படுவது திருப்தியா, வளர்ப்பு முறையா?

இரண்டாவது இடர்ப்பாடு இன்னும் ஆழமானது. கிடைப்பதற்கேற்ப மனிதன் தன் ஆசையைச் சுருக்கிக்கொள்கிறான். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதற்கு உணவுக்குப் புறம்பான ஒரு சான்றைக் காட்டியுள்ளார். வங்காளப் பெரும்பஞ்சத்திற்கு அடுத்த ஆண்டாகிய 1944இல், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில் மக்களின் உடல்நிலை பற்றி விசாரிக்கப்பட்டது. மனைவியை இழந்த ஆண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தம் உடல்நலம் சரியில்லை என்றனர். கணவனை இழந்த பெண்களிலோ அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அப்பெண்கள் ஆண்களைவிடச் சுகமாக இருந்தார்கள் என்பதா இதன் பொருள்? அன்று. தமக்கென்று ஒன்றை முறையிடும் பழக்கமே அவர்களுக்கு இல்லாது போயிருந்தது.

“போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பது நம் பழமொழி அல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். உண்மையே. ஆனால் அம்மருந்து தானே விரும்பி உண்பதற்குரியது. பிறர் வாயில் ஊற்றுவதற்குரியதன்று. தானாகக் குறைத்துக்கொள்பவரின் நிறைவு ஒரு புண்ணியம். கேட்டும் கிடையாது என்று கண்டு, கேட்பதையே விட்டுவிட்டவரின் மௌனம் நம்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு. வெளியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: ‘போதும்’.

ஆகவே கேட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் முதியோரின் போசாக்கு நிலையை அறிய ஒரு பத்து வினாப் பட்டியல் அறிமுகமாயிற்று. பல்லிலோ வாயிலோ உபாதை உண்டா, தேவையான உணவை வாங்கப் பணம் போதாதிருக்கிறதா, பெரும்பாலும் தனியே இருந்து உண்கிறீர்களா என்பனவும் அதில் அடங்கும். இவை திருப்தியை அல்ல, நிலைமையை விசாரிக்கின்றன. வயது செல்லச் செல்ல மணமறியும் ஆற்றல் குன்றுகிறது. சில மருந்துகள் வாயை உலர்த்துகின்றன. பொருந்தாத செயற்கைப் பல் ஒவ்வொரு கவளத்தையும் வேதனையாக்குகிறது. நேற்று உருசித்த கறி இன்று சப்பென்றிருந்தால், அது சமைத்தவரின் பிழையுமன்று, உண்பவரின் பிடிவாதமுமன்று.

கேள்வியையும் சற்று மாற்றலாம். “சாப்பாடு எப்படி?” என்றால் “நல்லது” என்பதே பதில். “நாளைக்கு என்ன சமைப்பம், அம்மா?” என்றால் அவர் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். முதற் கேள்வி நமக்கு ஒரு நற்சான்றிதழைத் தேடுகிறது. இரண்டாவது, இந்த வீட்டில் அவர் சொல்லுக்கு இன்னும் இடமுண்டு என்று அவருக்கு உணர்த்துகிறது.

இன்றிரவு அகப்பையை வைத்தவுடன் எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, உங்கள் கோப்பையுடன் அமருங்கள். அவர் எதை விரும்பி எடுக்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று பாருங்கள். அவர் சொன்ன ‘போதும்’ உண்மையாகவே போதும் என்பதாகவும் இருக்கலாம். அப்போது வற்புறுத்தாது விடுவதும் மரியாதையே. ஆனால் அதைக் கூட இருந்து உண்டவரே அறிவார்.