ஐந்து வருடமும் இரண்டு நாளும்

வாழ்க்கை என்று எதைக் கணக்கில் எழுதுவது? உழைத்துச் சேர்க்கும் காலத்தையா, சேர்த்ததை வைத்து இருக்கப்போகும் காலத்தையா? வணிகர்களாகிய நமக்கு இது வெறும் தத்துவ விசாரமன்று.

நியூஸிலாந்தின் வடதீவில் ஒரு விட்டில் உண்டு. உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஆவி விட்டில் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த அதனை, அங்குள்ள பூரிரி மரத்தின் பெயரால் அழைப்பர். நிறம் பச்சை. பெண் விட்டில் சிறகை விரித்தால் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். இரவில் வரும் அதனை மூதாதையரின் ஆவியென மாவோரி மக்கள் கருதினர் என்பர்.

அதன் புழு சில மாதம் காட்டுத் தரையில் காளான் தின்று, பின் மரமேறித் தண்டைக் குடைகிறது. 7 என்ற இலக்கம் போன்ற பொந்து. வாயிலை நூலாலும் மரத்தூளாலும் மூடிக்கொள்கிறது. காயம் ஆற மரம் புதுச் சதை வளர்க்கும். புழு அதைத் தின்னும். மீண்டும் வளரும், மீண்டும் தின்னும். முதலில் கை வைக்காமல் வரும்படியில் பிழைக்கிறதே என்று நம்மவர் மெச்சக்கூடும். (மரத்தைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.) இப்படியே சுமார் ஐந்து வருடம்.

பிறகு சிறகோடு வெளிவருகிறது. அப்போது அதற்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாயிருந்தபோது சேர்த்த கொழுப்பைச் செலவழித்தே பறக்கிறது, துணை தேடுகிறது. பெண் விட்டில் 2,000 வரை முட்டைகளை இறைக்கிறது. ஏறக்குறைய இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

"இரண்டு நாளுக்காக ஐந்து வருட இருட்டா!" என்று இரங்குவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. சிறகின் அழகில் மயங்கி, பொந்தில் கழிந்ததை வாழ்வல்ல என்று தள்ளிவிடுகிறோம். உண்டதும், வளர்ந்ததும், வாயிலைக் காத்ததும் அங்கேதானே? அது விட்டுச்சென்ற பொந்தில்கூட வேட்டா என்னும் பூச்சி குடியேறிக்கொள்கிறது.

சேமிப்பை நாம் குறை கூறவில்லை. சேர்க்காத புழு பறக்காது. ஆனால், "கடை நிலைக்கட்டும், பிள்ளைகள் தலையெடுக்கட்டும், அப்புறம் ஊரில் நிம்மதியாக இருக்கலாம்" என்று சொல்லாத சபராளி யார்? மனைவியிடம் நாலு வார்த்தை பேசுவது, நோயுற்ற தமையனைப் பார்ப்பது, கடைச் சிப்பந்தியின் கஷ்டத்தைக் கேட்பது, எல்லாம் அந்த ‘அப்புறம்’ என்ற பக்கத்திலேயே பற்று எழுதப்படுகின்றன. புழுவுக்குக் காலம் வராமல் சிறகு வராது. நமக்கு அப்படியொரு தடையும் இல்லை. பகலெல்லாம் கடையில் நின்றவர் இரவில் அரைமணி மகனோடு உட்கார்ந்தால் எந்த வரும்படியும் குறையப்போவதில்லை.