பழைய வால்வும் உடைமையின் அறமும்

பொருள்களை அவற்றின் பயன்பாடு நோக்கி இருவகைப்படுத்துவது மரபு. உண்ணும் சோறும் எரிக்கும் எண்ணெயும் பயன்படும்போதே அழிவன. நிலமும் வீடும் நூலும் பயன்பட்ட பின்னரும் எஞ்சி நிற்பன. முதல் வகையைப் பதுக்குவோனை உலகம் பழிக்கும். இரண்டாம் வகையைப் பேணுவோனைப் போற்றும். ஆயின் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பொருள்களும் உள. பெட்டியில் வைத்தால் பல்லாண்டு கெடாதிருந்து, பயன்படுத்தத் தொடங்கியதும் மணிக்கணக்கில் தேய்ந்து, இறுதியில் செயலிழக்கும் பொருளொன்று, அதுவும் ஆக்கிய தொழிற்சாலை மூடப்பட்டுவிட்ட பொருளொன்று, ஒருவனது கையிற் கிடைக்குமாயின் அதனை அவன் காக்கவேண்டுமா, பயன்படுத்தித் தீர்க்கவேண்டுமா? இசைக் கருவிகளுக்கெனப் பழைய வால்வுகளைச் சேகரிப்போர் நாள்தோறும் எதிர்நோக்கும் வினா இது. பொழுதுபோக்காளர் சிலரின் சிறு சிக்கலாகத் தோன்றினும், உடைமை என்பதன் அறம் முழுவதையும் இவ்வினா தொட்டு நிற்கின்றது.

வால்வின் வரலாறு நூறாண்டிற்கு மேற்பட்டது. 1904ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோன் அம்புரோஸ் பிளெமிங், வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குமிழினுள் சூடேறிய இழையையும் உலோகத் தகட்டையும் அமைத்து, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் இருவாயியை ஆக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட் அவ்விரண்டிற்கும் இடையே நெய்யரி எனும் மூன்றாவது உறுப்பைப் புகுத்தினார். நெய்யரியின் அழுத்தத்தில் நிகழும் சிறு மாற்றம் இலத்திரன்களின் பெரும் ஓட்டத்தை ஆளக்கூடியதாயிற்று. நலிந்த மின்சைகை வலுப்பெற்றது. நெடுந்தூரத் தொலைபேசியும் வானொலியும் பேசும்படமும் இதனாலேயே வளர்ந்தன. 1947இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்தது. உருவிற் சிறியதும் சிறிதளவு மின்னிலேயே இயங்குவதுமான அது, அடுத்த கால்நூற்றாண்டிற்குள் வீட்டுப் பாவனையிலிருந்து வால்வைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது.

வால்வின் இறப்பு அதன் இயக்கத்திலேயே அடங்கியுள்ளது. அதன் கதோட்டின்மேல் பேரியம், ஸ்திரோந்தியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகள் பூசப்பட்டிருக்கும். சூடேறும்போது இப்பூச்சிலிருந்தே இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. எரியும் ஒவ்வொரு மணிக்கும் பூச்சு சிறிது வலுவிழக்கின்றது. சில ஆயிரம் மணி நேரத்தின் பின், ஆற்றல் வழங்கும் பெரிய வால்வுகள் தளர்ந்துவிடும். சிறு வால்வுகள் அதனினும் நீண்டகாலம் உழைக்கும். எனவே அரிய வால்வொன்றினூடாக இசை கேட்போன், இசையைக் கேட்பதோடு அவ்வால்வின் ஆயுளையும் செலவிடுகின்றான். நூலைப் படிப்போன் நூலை அழிப்பதில்லை. வால்வின் நிலை அத்தகையதன்று.

வால்வு உலகிலிருந்து முற்றாக மறையவில்லை என்பதும் கூறப்படவேண்டும். சிலோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் அது ஆக்கப்படுகின்றது. ஆயினும் இங்கிலாந்தின் முல்லார்ட், ஜேர்மனியின் ரெலிபுங்கன், அமெரிக்காவின் வெஸ்ரேண் எலெக்ரிக் ஆகியவற்றின் பழைய வால்வுகளையே சேகரிப்போர் நாடுகின்றனர். இந்நாட்டத்தில் உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. மூவாயி வால்வு தான் பெற்ற ஒலியோடு அதன் மேற்தாயி ஒலியையும் சிறிதளவு கலந்து தருவதுண்டு. இது பொறியியல் நோக்கில் திரிபு. எனினும் செவிக்கு அது பெரும்பாலும் இனிமையாகவே படுகின்றது. இவ்வினிமை மெய்யா பொய்யா என்பது வேறொரு விவாதம். ஒருவன் விரும்பும் பொருள் அருகிச் செல்கையில் அதன்பால் அவனுக்குள்ள கடமை யாது என்பதே இங்கு கருதப்படுவது.

சேகரிப்போனின் பக்கத்து நியாயம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. திரான்சிற்றர் வந்தபோது வால்வுக் கருவிகள் கழிவுப் பொருள்களாயின. குப்பையிலிருந்தும் மூடப்பட்ட கடைகளிலிருந்தும் அவற்றைப் பொறுக்கி எடுத்தோர் இல்லையெனில், எஞ்சியிருப்பவற்றுட் பலவும் அழிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானிய இரகசியச் செய்திகளை உடைப்பதற்காக ரொமி பிளவர்ஸ் அமைத்த கொலோசஸ் கணிப்பொறி, போரின் பின் கழற்றப்பட்டது. 1944இல் பிளெச்லி பார்க்கில் இயங்கிய அப்பொறியை ரொனி சேல் என்பவர் தலைமையிலான குழுவினர் மீளக் கட்டி 2007இல் நிறைவுசெய்தனர். அதற்கு ஏறத்தாழ 2,500 வால்வுகள் தேவைப்பட்டன. பழைய வால்வுகளை எவரும் எங்கும் பேணி வைக்காதிருந்தால் இம்முயற்சி கைகூடியிராது. காத்தவன் தான் அறியாத ஒருவனுக்காகக் காத்தவனாகின்றான்.

எனினும் காத்தல் என்ற பெயரில் நிகழ்வன யாவும் காத்தலாகிவிடுமா? ஒரு செருப்பிற்கு இரு பயன்கள் உண்டு, ஒன்று அணிதல், மற்றொன்று பண்டமாற்று என்று அரிஸ்ரோட்டில் தமது 'அரசியல்' நூலிற் காட்டுவார்; பண்டமாற்றிற்காகச் செருப்பு ஆக்கப்படவில்லை என்பது அவர் கருத்து. இவ்வேறுபாட்டையே மார்க்ஸ் பின்னர் பயன்பெறுமானம் என்றும் பரிமாற்றப் பெறுமானம் என்றும் விரித்தார். அட்டைப் பெட்டி திறக்கப்படாத வால்வு, திறக்கப்பட்டதிலும் கூடிய விலை பெறுகின்றது. வாங்கியவன் அதனை எரிப்பதில்லை. விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கின்றான். அடுத்தவனும் அவ்வாறே செய்கின்றான். கைமாறிக் கைமாறிச் செல்லும் அவ்வால்வு ஒருமுறையேனும் இசைத்ததில்லை. ஈட்டியதைத் தானும் துய்க்காது பிறர்க்கும் ஈயாது வைத்திருப்போனைத் திருக்குறளின் 'நன்றியில் செல்வம்' என்னும் அதிகாரம் கடிகின்றது. இவ்விகழ்ச்சி அத்தகைய வணிகனுக்கு முற்றும் பொருந்தும்.

உடைமை பற்றி ஜோன் லொக் வகுத்த வரம்புகள் இவ்விடத்தில் ஆராயத்தக்கன. தான் பயன்படுத்துமுன் கெட்டுப்போகும் அளவிற்குச் சேர்ப்பவன் பிறரது பங்கைக் கவர்கின்றான் என்பது ஒன்று. எடுப்பவன் பிறருக்கும் போதியதாகவும் அதேயளவு நல்லதாகவும் எஞ்சவிட வேண்டும் என்பது மற்றொன்று. பொன் கெடுவதில்லையாகலின் அதனைச் சேர்ப்பவன் முதல் வரம்பை மீறுவதில்லை என்பார் லொக். பெட்டியிலுள்ள வால்வும் அவ்வாறே கெடாதது; எனவே முதல் வரம்பின்படி பதுக்குவோன் குற்றமற்றவன். ஆனால் இரண்டாம் வரம்பு அவனைத் தப்பவிடாது. 2022 மார்ச்சில் ரஷ்ய அரசு பல பொருள்களின் ஏற்றுமதியைத் தடுத்தபோது, சராட்டோவ் நகரில் ஆக்கப்படும் வால்வுகளின் வரவு தடைப்பட்டது. உடனே சந்தையில் வால்வுகளை வாங்கிக் குவிக்கும் அவசரம் மூண்டது. தட்டுப்பாட்டிற்கு அஞ்சிக் குவித்தோரே தட்டுப்பாட்டைப் பெருக்கினர். மேடையில் வாசித்துப் பிழைக்கும் கிற்றார்க் கலைஞனுக்கு வால்வு அன்றாடத் தொழிற்கருவி என்பதை எண்ணும்போது இதன் அறக்கேடு தெளிவாகும்.

அங்ஙனமாயின் பயன்படுத்துவோன் குற்றமற்றவனா? அவனிடத்தும் ஒரு வினா எழுப்பப்படவேண்டும். வெஸ்ரேண் எலெக்ரிக் நிறுவனம் 1938இல் வெளியிட்ட 300பி என்னும் மூவாயி, படமாளிகைகளின் விரியலாக்கிகளில் ஒளிர்ந்தது. நுழைவுச்சீட்டு வாங்கிய தொழிலாளியும் சிறுவனும் அதன் ஒலியைக் கேட்டனர். 1970களிலிருந்து அமெரிக்கப் படமாளிகைகளின் பழைய கருவிகளை யப்பானிய ஆர்வலர்கள் தேடி வாங்கினர். பலர் கூடிக் கேட்ட ஒலி தனியறைக்குட் சென்றது. வாங்கியோர் அவற்றை அழிவிலிருந்து மீட்டனர் என்பது உண்மை. பொதுவில் துய்த்ததொன்று தனியுடைமையாயிற்று என்பதும் உண்மையே. தன் செவி ஒன்றிற்காக மட்டும் அரிய பொருளைத் தேய்ப்பவன், பதுக்குவோனிலும் மேலானவனாயினும், அறத்தின் முழுமையை எய்தியவனல்லன்.

இவ்விரு திறத்தாரும் மறந்துவிடும் ஒன்றுண்டு. பிளாக்பேர்ணிலிருந்த முல்லார்ட் தொழிற்சாலையில் ஆக்கப்பட்ட வால்வின் அடிக்கண்ணாடியில் சிறு குறியீடொன்று பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலைக்கு ஓர் எழுத்து, ஆண்டிற்கு ஓர் இலக்கம், மாதத்திற்கு ஓர் எழுத்து, வாரத்திற்கு ஓர் இலக்கம். சேகரிப்போர் உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு அதனை வாசித்து, வால்வு பிறந்த வாரத்தையே கூறிவிடுவர். ஆயின் அவ்வாரத்தில் மயிரிழை போன்ற கம்பியைச் சுற்றி நெய்யரி அமைத்தவள் யாரென எக்குறியீடும் கூறுவதில்லை. அத்தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோர் பணிபுரிந்தனர். நுண்ணிய பொருத்தல் வேலையிற் பெரும்பாலும் பெண்களே ஈடுபட்டனர். 1980களின் தொடக்கத்தில் அங்கு வால்வு உற்பத்தி நின்றபோது கண்ணாடிக் குமிழ்கள் பெட்டிகளில் எஞ்சின. அக்கைகளின் பயிற்சி எஞ்சவில்லை. 300பியின் உற்பத்தி 1988இல் நின்று, பிற்காலத்தில் மீளத் தொடங்கியது. இன்று ஜோர்ஜியா மாநிலத்தில் அது மீண்டும் ஆக்கப்படுகின்றது. பொருளைப் பெட்டியிலிட்டுக் காக்கலாம். திறனைக் கற்பித்தும் பயின்றுமே காக்கமுடியும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, காப்பதா கழிப்பதா என்ற வினா முழுமையற்றது என்பது புலனாகும். யாருக்காக என்ற வினா அதனோடு சேரவேண்டும். இனி ஆக்கப்படாத பொருளைக் கையிற் கொண்டவன் அதன் முழு உரிமையாளன் எனத் தன்னைக் கருதுவது பொருந்தாது. முன்னோரின் உழைப்பையும் பின்னோரின் தேவையையும் இணைக்கும் காப்பாளன் அவன். தன் தேவைக்கு மேற்பட்டதை, அருங்காட்சியகத்திற்கோ கலைஞனுக்கோ இளைய பழுதுபார்ப்போனுக்கோ நியாயமான விலைக்குக் கொடுத்தல் அவன் கடமை. எரிப்பதையும் அளவறிந்து, பிறரையும் அழைத்துக் கேட்பித்து எரித்தல் முறை.

கொலோசஸ் அமைத்த பிளவர்ஸ், ஆயிரக்கணக்கான வால்வுகள் ஓயாது பழுதாகும் என்று அஞ்சியோருக்கு மாறாக, அடிக்கடி அணைத்து ஏற்றாது தொடர்ந்து மிதமாக எரியவிட்டால் அவை நெடிது உழைக்கும் எனத் தம் தொலைபேசித்துறை அனுபவத்தால் அறிந்திருந்தார். பொருளின் இயல்பை அறிந்து பயன்படுத்துபவனின் கையில் பயன்பாடும் பாதுகாப்பும் பகையாவதில்லை. எரியும் வால்வு ஒருநாள் அணையத்தான் போகின்றது. அணையுமுன் அதன் ஒலியை எத்துணைப் பேர் கேட்டனர், அதனைப் பழுதுபார்க்கவும் மீள ஆக்கவும் எத்துணைப் பேர் கற்றனர் என்பவற்றைக் கொண்டே உடையவனின் உடைமை நியாயமுடையதா என்பது தீர்மானிக்கப்படும்.