ஏழாவது பாட்டு

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. அறுபது நிமிட கேசட். பக்கத்துக்கு முப்பது நிமிடம். கோவில்பட்டியில் ஒரு ரெக்கார்டிங் கடையில், பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அண்ணன் பதிந்து வாங்கி வந்தது. 'ஏ' பக்கத்தில் ஆறு பாட்டுத்தான் பிடிக்கும், ஏழாவது கொள்ளாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "கொள்ற வரைக்கும் போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அண்ணன் வந்துவிட்டான். அவரும் கொள்கிற வரைக்கும் போட்டார்.

அந்த ஏழாவது பாட்டு, 1990இல் வந்த 'சத்ரியன்' படத்தில் இளையராஜா இசையில் ஸ்வர்ணலதா பாடியது. மாலை நேரத்தில் ஒரு பெண் தன் மனசோடு பேசிக்கொள்கிற பாட்டு. பல்லவி, முதல் சரணம், மறுபடி பல்லவி. இரண்டாவது இடையிசை தொடங்கி நாலைந்து நொடி போயிருக்கும். 'டக்'கென்று பொத்தான் எழும்பி பிளேயர் நின்றுவிடும். நாடா தீர்ந்துவிட்டது. நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிற அந்த மெல்லிய நாடாவில், இன்னும் சில மீட்டர் இருந்திருந்தால் இரண்டாவது சரணமும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்.

முதலில் அது பெரிய குறையாகப் பட்டது. நாள் ஆக ஆக அந்த 'டக்' பாட்டின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. டீக்கடையிலோ கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலோ அதே பாட்டு வந்தால், அந்த இடம் நெருங்கும்போதே காது 'டக்'குக்காகக் காத்திருக்கும். அது வராமல் பாட்டு மேலே போனால், இருட்டில் இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் தடுமாறியது போலிருக்கும். பிடித்த பாட்டு எது என்று யார் கேட்டாலும் இந்தப் பாட்டைத்தான் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது நான் நினைப்பது முழுப் பாட்டையா, பாதிப் பாட்டையா என்பது நெடுநாளாக எனக்குள் இருக்கிற கேள்வி. பாட்டைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கியது, வயது ஏற ஏற வேறொன்றைப் பற்றிய கேள்வியாக மாறியிருக்கிறது.

அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எட்டு மணி நேரம் கதிர்களின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவர் வீட்டில் சத்தமாகத்தான் பேசுவார். மில்லில் வேலை பார்க்கிற எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பாட்டு மட்டும் அவருக்குச் சத்தமாக இருக்கக் கூடாது. குளித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்ததும், "பாப்பா, அந்தப் பிள்ளை பாட்டைப் போடு" என்பார். ஸ்வர்ணலதாவின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்தக் குரல் யாரையும் கூப்பிடாத குரல். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிற குரல். இரைச்சலிலேயே நாளைக் கழித்தவருக்கு அது எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

பாட்டு அறுந்ததும் நானும் அண்ணனும் நாக்கால் 'டக்' என்று சொல்லிச் சிரிப்போம். அப்பா சிரிக்க மாட்டார். அறுந்த இடத்திலிருந்து ஒரு மூச்சு விட்டு, பல்லவியை மெதுவாக முனக ஆரம்பிப்பார். இடையிசை போகும் வழியில் பல்லவிக்கு ஒரு சந்து இருப்பது போலவும், அவர் அதன் வழியே நுழைந்து வீட்டுக்கு வந்துவிடுவது போலவும் இருக்கும். அவருக்கு சங்கீதம் எதுவும் தெரியாது. ஆனால் சுருதி பிசகாமல் அந்த இடத்தில் அவர் இணைத்ததை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

பாட்டைக் கேட்டு வளர்ந்த எல்லாத் தலைமுறைக்கும் இப்படி ஏதோ ஓர் அறுபடல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மூன்றரை நிமிடத்தை ஒட்டிய நேரம்தான். கச்சேரியில் அரை மணி நேரம் விரித்துப் பாடுகிற கீர்த்தனையை வித்வான்கள் அதற்குள் அடக்கிக் கொடுத்தார்கள். நீளமான சினிமாப் பாட்டு என்றால் பாதியில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். வானொலியில் செய்தி நேரம் வந்துவிட்டால், சரணத்தின் நடுவில் இருந்தாலும் பாட்டை இறக்கிவிடுவார்கள். எந்தக் காலத்திலும் பாட்டு ஏதோ ஒரு பாத்திரத்தில்தான் நம்மிடம் வந்தது. பாத்திரம் சிறிதென்று யாரும் அந்தப் பாட்டை வேண்டாம் என்று வைக்கவில்லை.

வேலைக்குச் சென்று சொந்தக் காசில் நான் முதலில் வாங்கிய ஆல்பம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் வந்தது, படத்துக்காகச் செய்யாத இசை. அதைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் அவர் காணிக்கையாக்கினார். வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே அந்தக் கேசட்டை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. அந்த ஆல்பத்தின் வழியாகத்தான் பாஹைத் தேடிப் போனேன். போன இடத்தில் இன்னோர் அறுந்த பாட்டு காத்திருந்தது.

பாஹ் தன் கடைசி ஆண்டுகளில் 'ஃபியூக்கின் கலை' என்ற தொகுப்பை உருவாக்கினார். ஒரு சிறிய கருப்பொருளை ஒரு குரல் தொடங்க, இன்னொரு குரல் அதையே வேறு இடத்திலிருந்து எடுக்க, மூன்றாவது குரலும் வந்து சேர, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகிற வடிவம் ஃபியூக். தொகுப்பின் பெரிய ஃபியூக்கில் மூன்றாவதாக நுழையும் கருப்பொருள், பாஹ் என்ற பெயரின் ஜெர்மன் எழுத்துகளையே சுரங்களாக வைத்து அமைந்தது. தன் பெயரே இசையாக உள்ளே வந்து சற்று நேரத்தில், வரிகள் நின்றுவிடுகின்றன. 1750இல் பாஹ் இறந்தார். அடுத்த ஆண்டு தொகுப்பு அச்சில் வந்தது, அந்த ஃபியூக் முடியாமலேயே. இன்றைக்கு அதை வாசிக்கிறவர்களில் சிலர் தாமே ஒரு முடிவு எழுதிச் சேர்க்கிறார்கள். சிலர் பாஹ் நிறுத்திய இடத்திலேயே கையை எடுத்துவிடுகிறார்கள். ஒரு குரல் மட்டும் கொஞ்சம் நீண்டு, பிறகு ஒன்றுமில்லை. முதன்முறை அப்படிக் கேட்டபோது, என் வாயிலிருந்து 'டக்' என்று வந்தது. உடனே அப்பா ஞாபகமும் வந்தது.

அதே ஆல்பத்தில் பாஹுக்குப் பக்கத்தில் இருக்கிற தியாகராஜர் இன்னொன்றைக் கற்றுக்கொடுத்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று விரியும் நம் கீர்த்தனைகள், சரணம் எவ்வளவு உயரம் போனாலும் பல்லவிக்குத் திரும்பித்தான் முடியும். சினிமாப் பாட்டும் அந்த வழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. முதல் சரணம் முடிந்தால் பல்லவி, இரண்டாவது முடிந்தாலும் பல்லவி. அப்படிப் பார்த்தால், பல்லவியை ஒருமுறை கேட்டவனுக்குப் பாட்டின் முடிவு ஏற்கெனவே கையில் வந்துவிட்டது. சரணம் ஒன்றா இரண்டா என்பது எவ்வளவு தூரம் சுற்றிவிட்டு வருகிறோம் என்பதைப் பொறுத்தது.

இது எனக்குப் படித்து வந்த ஞானமில்லை. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்ததற்கு நான் பிற்பாடு கண்டுபிடித்த பெயர்.

அப்பா கட்டிய வீடு இன்னும் அப்படியே நிற்கிறது. கீழே இரண்டு அறை, மேலே மொட்டை மாடி. மாடியின் நாலு மூலையிலும் தூண் கம்பிகள் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகும்போது மேலே ஓர் அறை எழுப்ப வேண்டும் என்று விட்டுவைத்தவை. துரு பிடிக்காமல் இருக்க வருஷா வருஷம் அப்பா அவற்றுக்குச் சிமெண்ட் பால் பூசுவார். இதற்கிடையே அவர் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். வர வேண்டிய பணம் முழுதாக வரவில்லை. அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது, அறை எழும்பவில்லை. சிமெண்ட் பால் பூசுவதை மட்டும் அப்பா நிறுத்தவில்லை. 2006இல், ஐம்பத்தெட்டு வயதில், ஒரு விடியற்காலையில் மாரடைப்பில் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பாவம், எல்லாத்தையும் பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு." அந்த வார்த்தை என்னைப் பல வருஷம் அறுத்தது.

ஸ்வர்ணலதா இறந்த செய்தி வந்த அன்றும் அதே வார்த்தையைத்தான் எல்லாரும் சொன்னார்கள். 2010 செப்டம்பர் 12. வயது 37. 1987இல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில், யேசுதாஸோடு, பாரதி பாட்டைப் பாடி வந்தவர். 'கருத்தம்மா'வில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பாடியதற்குத் தேசிய விருது பெற்றவர். 'அலைபாயுதே'யில் அவர் தனியாகப் பாடும் பாட்டை இரவில் கேட்டுவிட்டுத் தூங்க முடிந்ததில்லை எனக்கு. இன்னும் முப்பது வருஷம் பாடியிருக்க வேண்டியவர் என்ற வருத்தம் நியாயமானது. எனக்கும் அது ஆறவில்லை. ஆனால் அவருடைய முதல் பாட்டின் வரிகளுக்குச் சொந்தக்காரரான பாரதியும் முப்பத்தொன்பதை எட்டாதவர்தான். அவர்கள் இருவரையும் 'பாதி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படியானால் அப்பாவை மட்டும் ஏன் அப்படிச் சொல்லவிட்டேன்?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் பழைய சம்பவம் ஒன்று மேலே வந்தது. பள்ளியில் படிக்கும்போது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நானும் அப்பாவும் தூத்துக்குடி பஸ்ஸில் போனோம். எட்டயபுரம் தாண்டியிருக்கும், இரண்டு பக்கமும் கரிசல். பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தது. அறுந்த இடம் வந்தது, தாண்டியது. இடையிசை முழுதாக ஓடி, எங்கள் வீட்டுக்கு வராத அந்த இரண்டாவது சரணம் ஆரம்பித்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "பெறகும் இருக்கா?" என்றார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். கடைசி வரை கண் கொட்டாமல் கேட்டார். பாட்டு முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த நாள் வீட்டு வாசலில் அவர் முனகியபோது கவனித்தேன். முதல் சரணம், இடையிசையில் நாலு நொடி, ஒரு மூச்சு, பிறகு பல்லவி. பழையபடியேதான். மீதிப் பாட்டு இருப்பது இப்போது அவருக்குத் தெரியும். நன்றாக இருந்ததும் தெரியும். ஆனாலும் தன் வழியில்தான் திரும்பினார்.

அதைத்தான் நான் மறந்திருந்தேன். அப்பாவின் நாள்களிலும் அப்படி ஒரு பல்லவி இருந்தது: வேலை விட்டு வருவது, குளிப்பது, வாசல்படியில் உட்கார்வது, தெருவில் போகிறவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்பது, எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு. மில் மூடிய பிறகு டீக்கடையில் கணக்கு எழுதப் போனபோதும் சாயங்காலம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். எட்ட வேண்டியதை எட்டினாரா என்று கணக்குப் பார்த்தால் அவர் வாழ்க்கை பாதிதான். திரும்ப வேண்டிய இடத்துக்குத் தினமும் திரும்பினாரா என்று பார்த்தால், அவரைப் போல நிறைவாக வாழ்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இழப்பு இழப்புதான்; மாடியறை எழும்பியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இல்லாத சரணத்தை வைத்து, இருந்த பல்லவியை அளப்பது நியாயமில்லை.

இன்றைக்கு என் போனில் அந்தப் பாட்டு முழுதாக இருக்கிறது. ஸ்வர்ணலதா பாடிய அத்தனையும் இருக்கிறது. எதுவும் அறுவதில்லை, ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது தானாக வருகிறது. நிறைய இருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் திரும்பி வருவதற்கென்று ஒரு பாட்டை நாமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை எந்தப் பெட்டியும் நமக்காகச் செய்யாது.

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். மேலே அறை எழுப்பலாமா என்று பார்க்க அண்ணன் கொத்தனாரைக் கூட்டி வந்திருந்தான். கம்பிகளைத் தட்டிப் பார்த்தவர், துரு ஏறிவிட்டது, அடியோடு வெட்டிவிடலாம் என்றார். அம்மா ஈரத் துணி வாளியோடு படியேறி வந்தாள். மூலைக்கு மூலை கம்பியில் கட்டியிருந்த கொடியைக் காட்டி, "அதை வெட்டிட்டா நான் துணியை எங்க காயப்போட?" என்றாள். கொத்தனார் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார்.

அம்மா ஒவ்வொரு சேலையாக உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ முனகினாள். அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். முதல் சரணம். இடையிசையில் நாலு நொடி. ஒரு மூச்சு.

பிறகு பல்லவி.