கூடும் கோலும்

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுதில், எங்கள் பங்கின் எல்லையிலுள்ள ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியிருந்தது. கைம்பெண் ஒருவரின் கோழிக்கூட்டில் பாம்பு புகுந்துவிட்டது. ஒன்பது குஞ்சுகளில் நான்கைக் காணவில்லை. நான் போய்ச் சேருமுன் இளைஞர்கள் பாம்பை அடித்துப் போட்டிருந்தனர். அது நஞ்சில்லாத சாரைப்பாம்பு.

“இது எலியைப் பிடித்து வயலைக் காக்கும் உயிர், விரட்டி விட்டிருக்கலாமே” என்றேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “பாம்புக்காக நீங்க பேசுறீங்க, சாமி. எனக்காக யாரு பேசுறது?”

விடை சொல்ல இயலாமல் பங்கு இல்லம் திரும்பினேன். அந்த வினா இன்னும் என்னை விட்டபாடில்லை.

பாம்பு திருடியதா? அறிவும் விருப்பமும் இல்லாத இடத்தில் பாவம் இல்லை என்பது குருமடத்தில் நாங்கள் கற்ற தொடக்கப் பாடம். உன்னுடையது, என்னுடையது என்னும் எல்லைக்கோடு பாம்புக்குத் தெரியாது. பசி அழைத்தது, சென்றது. எனவே அதை அடித்துக் கொல்வதைத் தண்டனை என்று சொல்வதற்கில்லை. குற்றமில்லாத இடத்தில் தண்டனை ஏது?

ஆயினும், அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தோரே. குழந்தைகள் உறங்கும் அறைக்குள் நல்லபாம்பு நுழைந்து, வேறு வழியே இல்லாதபோது கோலெடுப்பவரை எந்த மனச்சாட்சியும் பழிக்காது. ஆனால், கோலெடுத்து நெருங்குவதே கடிபடும் வழியாகவும் ஆகிவிடலாம். எட்ட நின்று, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியனுப்புவதே அறிவுடைமை.

விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்று 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ‘தேவையின்றி’ என்னும் சொல்லில்தான் அறச்சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. மாத ஊதியம் பெறுபவருக்கு நான்கு குஞ்சுகள் சிறிய இழப்பு. முட்டை விற்றுப் பேரப்பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் மூதாட்டிக்கோ அது ஒரு மாதத்துக் கணக்கு. வேறு வழி இருந்தால்தான் கொலை தேவையற்றதாகும். அந்த வேறு வழியை அவருக்குக் காட்டாமல், இரக்கத்தை மட்டும் அவரிடம் கேட்டவன் நான். செலவைப் பிறர் தலையில் சுமத்தும் இரக்கம் எவ்வகை இரக்கம்?

இவ்வினாவை நம் தமிழ் மண் முன்பே சந்தித்திருக்கிறது. பாம்புத் தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்த இருளர் குடும்பங்கள் பல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. அவற்றைப் பிடித்தவர்களின் அடுப்போ அணைந்தது. 1978-இல் சென்னைக்கு அருகே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய பின்னரே அந்த நீதி நிறைவு பெறத் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து உருவாகிறது. பாம்பும் பிழைத்தது, மனிதரும் பிழைத்தனர். பாலைநிலத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பு என் நினைவுக்கு வருகிறது.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிந்ததும் அதே இளைஞர்களை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்றேன். கடைகளில் கிடைக்கும் பெரிய கண் கோழிவலை கோழி வெளியேறாமல் தடுக்குமேயன்றிப் பாம்பு நுழைவதைத் தடுக்காது. ஆகவே கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை வாங்கி, கூட்டின் நான்கு புறமும் அடித்து, அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்தோம். கதவின் கீழிருந்த இடைவெளியைப் பலகையால் அடைத்தோம். கூட்டை ஒட்டிக் கிடந்த விறகுக் குவியலைத் தள்ளி அடுக்கினோம். சிந்திய தீவனத்தை அந்திக்குள் பெருக்கிவிடுமாறு சொன்னோம். தானியம் எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். முதல் மனிதனுக்கு இறைவன் ஒப்படைத்த வேலையே தோட்டத்தைப் பேணிக் காப்பதுதான் என்று தொடக்கநூல் கூறுகிறது. காவலில் நாம் தவறிய இடத்தில்தான் கோலைத் தேடுகிறோம்.

ஒரு பகல் வேலை. வலையின் விலையைப் பங்கு ஏற்றுக்கொண்டது. முன்பு கோலெடுத்த கைகளே அன்று ஆணி அடித்தன. அவர்களுக்கு நான் அறிவுரை எதுவும் கூறவில்லை. அந்த அம்மா எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்.

பருந்தும் கீரியும் உள்ள ஊர் இது. இனியும் ஒரு குஞ்சு போகலாம். அந்த அம்மா அதே வினாவை மறுபடியும் கேட்கலாம். அப்போது அவர் முற்றத்தில் வெறுங்கையோடு நின்று, பாம்புக்காக மட்டும் பேசுபவனாக நான் இருக்கக் கூடாது என்பதே என் மன்றாட்டு.